நான்காவது சத்தம்

மூன்று சத்தம் நன்றாக நினைவிருக்கிறது. நான்காவதுதான் பிடிபட மாட்டேன் என்கிறது. பிராக்டிகல் பரீட்சை பத்து மணிக்கு ஆரம்பித்தது, இப்போது பத்து ஐம்பது, நான் பௌதிக ஆய்வகத்தின் கதவை ஒட்டி என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் ஃப்யூஸ் கம்பிச் சுருள், எதிரே பதினெட்டுப் பிள்ளைகள் மேஜை மேஜையாகக் குனிந்து நிற்கிறார்கள், வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டெர்னல் சார் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே, கட்டடத்துக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில், கழித்த சாமான்களை உடைத்துப் பிரிக்க வரும் பேச்சித்தாய் சம்மட்டியை எடுத்துவிட்டாள். மாடி வரை கேட்கிறது. இப்போதைக்குப் பிளாஸ்டிக் உடைகிற சத்தம், அதாவது பழைய கம்ப்யூட்டர்கள், அவற்றால் ஒன்றும் ஆகாது, அவை கரண்டைப் பார்த்தே நாலு வருஷம் இருக்கும். அவை முடிந்ததும் சுவரோரம் வரிசையாக நிற்கும் நாலு இரும்புப் பெட்டிகளுக்கு வருவாள். நாலும் ஹை வோல்டேஜ் பவர் சப்ளை. நாலின் மூடியிலும் என் கைப்படப் போட்ட சாக்பீஸ் கோடு இருக்கிறது. கோடு இருந்தால் பெட்டி செத்துவிட்டது, தைரியமாகக் கையை விடலாம் என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நாலாவது பெட்டி செத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பதறாமல் காலையிலிருந்து வரிசையாக யோசித்தால் பிடித்துவிடலாம். ஒன்பது மணிக்குக் கண்டம் கமிட்டி வந்தது. கண்டம் பண்ணுவது என்றால், இந்தச் சாமான் இனி உதவாது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டுப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவது. கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொன்றையும் போட்டுக் காட்ட வேண்டும், ஓடவில்லை என்று மூன்று பேரும் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். செத்தவரை உட்காரவைத்துக் கூப்பிட்டுப் பார்த்து, பாருங்கள் பதில் பேசவில்லை என்று சாட்சி வாங்குகிற மாதிரிதான். நான் கீழே அந்தச் சுவரோரத்திலேயே ஒயரை இழுத்து ஒவ்வொரு பெட்டியாகப் பிளக்கைச் சொருகினேன், சுவிட்சைப் போட்டேன், முள் அசையவில்லை, மூன்று பேரும் தலையாட்டினார்கள், அடுத்தது. முள் அசையாது. முள் அசையாவிட்டால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இரண்டு கெப்பாசிட்டர், எண்ணெய் டப்பா அளவுக்கு, குடம் நிறைவது போல நிறைந்துகொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் ஏறினது இறங்காது. இறக்குவதற்கென்றே பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பான், அது கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடும், ஐந்து நிமிஷத்தில் பெட்டி காலி. இந்த நாலு பெட்டியிலும் அந்த ரெசிஸ்டர் இல்லை. போன மாசம் நான்தான் கழற்றினேன்.

கழற்றினேன், என்ன செய்ய, இதுதானே என் பிழைப்பு. இந்த ஆய்வகத்தில் ஓடுகிற எதுவும் பிறந்த உடம்போடு ஓடவில்லை. அந்தா அந்த மூன்றாவது மேஜையில் முள் ஆடுகிறதே, அந்த மீட்டரின் உள்சுருள் கெமிஸ்ட்ரிக்காரர்கள் குப்பையில் போட்ட பெட்டியிலிருந்து வந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டர் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் ஹாஸ்டல் டிவியின் வயிற்றில் இருந்தது. ஆறாவது மேஜையில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெண் பயந்து பயந்து சுவிட்சைத் திருகுகிறாளே, அந்த பவர் சப்ளைக்குள்தான் நான் கழற்றிய வெள்ளை ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. அவை இப்போது கடைகளில் கிடையாது. கேட்டால் கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஸ்டோர் ரூம் அலமாரியில் மிட்டாய்ப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒன்றில் டயோடு, ஒன்றில் குமிழ், ஒன்றில் வெறும் வாஷர், பத்தொன்பது வருஷச் சேகரம், காக்கா கூடு என்று துறைத்தலைவர் அல்போன்ஸ் சார் கேலி பேசுவார், ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் ஏதாவது படுத்துவிட்டால் காக்கா கூட்டுக்கு முன்னால்தான் வந்து நிற்பார். கமிட்டி கையெழுத்துப் போடும்வரை ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது என்பது சட்டம். தொட்டது தெரிந்தால் கல்லூரிப் பொருளைச் சிதைத்தேன் என்று எழுதுவார்கள். எழுதட்டும். இப்போது அதுவா முக்கியம். இல்லை, பொய் சொல்லக் கூடாது, அதுவும் கொஞ்சம் முக்கியமாகத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் இந்நேரம் எழுந்து போயிருப்பேனே.

கமிட்டி டிபன் சாப்பிடப் போனதும் நான் மூங்கில் கம்பை எடுத்தேன். மூங்கில் நுனியில் செம்புக் கொக்கி, கொக்கியிலிருந்து ஒயர், ஒயரின் மறுமுனைக் கிளிப்பைச் சுவரோர எர்த் பைப்பில் மாட்டிவிட்டு, மூடியைத் திறந்து, கொக்கியால் கெப்பாசிட்டர் முனையைத் தொட்டால் சட் என்று ஒரு சத்தம், ஒரு நீலப் பொறி, அவ்வளவுதான், பெட்டி செத்தது, மூடி, கோடு. முதல் பெட்டி சட். இரண்டாவது சட், அதில் பொறி கொஞ்சம் பெரிது. மூன்றாவது சட். நாலாவது, அந்த சாம்பல் நிறப் பெரிய பெட்டி, மற்ற மூன்றையும்விட இரண்டு மடங்கு ஏறக்கூடியது. அதன் மூடியைத் திறந்தேன். திறந்தேன், அது நிச்சயம், உள்ளே கிடந்த செத்த பல்லி கண்ணில் நிற்கிறது. அப்போதுதான் அட்டெண்டர் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து எக்ஸ்டெர்னல் வந்துவிட்டார், அல்போன்ஸ் சார் கூப்பிடுகிறார் என்று கத்தினான். முன்பக்கம் கார் வந்து நிற்கிறது. சட் என்று சத்தம். அதுதான் கழுத்தை அறுக்கிறது. நாலாவது சத்தம் ஒன்று கேட்டது, காதில் இருக்கிறது, ஆனால் அது என் கொக்கி தொட்ட சத்தமா எக்ஸ்டெர்னல் சார் கார்க் கதவைச் சாத்திய சத்தமா? அதற்கப்புறம் மூடி மூடியிருக்கிறது, கோடு போட்டிருக்கிறேன், கட்டைவிரலில் சாக்பீஸ் தூள், இப்போதும் இருக்கிறது பார். நடுவில் ஒரு துண்டைக் காணோம். வலது கையில் கம்பு இருந்ததா, இல்லை மூடியைப் பிடிக்கக் கம்பைச் சுவரில் சாய்த்திருந்தேனா, நீலப் பொறி தெரிந்ததா, தெரிந்தது, இல்லை அது இரண்டாவது பெட்டியின் பொறி, மனசு அதை எடுத்து இங்கே ஒட்டப் பார்க்கிறது.

டக், டக், கீழே தகரம். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தகடு. மெல்லிசு, பிரிக்கச் சம்மட்டிகூட வேண்டாம், அவள் ஆத்திரத்துக்கு அடிக்கிறாள். இன்னும் பத்துப் பதினைந்து பெட்டி பாக்கி இருக்கும். நேரம் இருக்கிறது. செண்பகவல்லி, உன்னை உனக்குத் தெரியாதா? இது உன் வியாதி. காஸை மூடினேனா என்று மூன்று தடவை அடுப்படிக்குப் போகிறவள் நீ. சாத்தூர் தாண்டிய பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர் பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்குத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தவள். பூட்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பூட்டியிருந்தது. அடுத்த தெருவில் கல்யாணத்துக்குப் போனால்கூட என் வீட்டுக்காரர் சாவியை என் கையில் கொடுத்து, நீயே பூட்டு, நீயே இழு, நீயே சந்தோஷமாகப் பூட்டைப் பிடித்துத் தொங்கு என்பார். கடைசியில் அவரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா சின்ன வயசு, சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள், அதற்காகவே எனக்குப் பிடித்துப்போயிற்று. சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்காதீர்கள், உட்கார்ந்த இடத்திலேயே உட்காருங்கள், வந்த சந்தேகம் அலை மாதிரி ஏறும், பயப்படாதீர்கள், தானாக இறங்கும், ஒரு தடவை போய்ப் பார்த்தால் அடுத்த தடவை இரண்டு மடங்காக வரும் என்றாள். இன்றோடு முப்பத்தாறு நாள். முப்பத்தாறு நாளாக நான் எதையும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறேன். நேற்று என் வீட்டுக்காரர் புள்ளிகளைப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கை இன்னும் தலையில் இருக்கிறது. ஆகையால் உட்கார். இதுவும் அதே அலைதான், ஏறும், இறங்கும்.

ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பூட்டு திறந்திருந்தால் என்ன போய்விடும், நாலு பாத்திரம். இது பேச்சித்தாய். டாக்டரம்மா பூட்டைப் பற்றிச் சொன்னாள், அடுப்பைப் பற்றிச் சொன்னாள், ஐந்தாயிரம் வோல்ட்டைப் பற்றிச் சொன்னாளா? நான் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் எனக்கு ஒரு தடவை அடித்திருக்கிறது, இதைவிடச் சின்னப் பெட்டி, பிளக் பிடுங்கித்தானே இருக்கிறது என்று கையை விட்டேன். யாரோ முதுகில் உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. விழுந்தேன் என்பதே விழுந்து கிடந்த பிறகுதான் தெரிந்தது. நாக்கைக் கடித்திருந்தேன், வாயெல்லாம் உப்பு, இரும்பு ருசி, வலது கை இரண்டு நாள் என்னுடையதாகவே இல்லை, சோற்றை இடது கையால் அள்ளிச் சாப்பிட்டேன். அந்த ருசி இப்போது நாக்கில் வருகிறது. வரட்டும் என்று எச்சிலை விழுங்குகிறேன். அந்தப் பெட்டியின் முன்னால் இந்த சாம்பல் நிறப் பெட்டி எத்தனை மடங்கு என்று கணக்குப் போடாதே, போடாதே என்றால் மனசு போடுகிறது, போட்டுவிட்டது. அந்த அளவுக்கு ஆள் எழுந்திருக்க மாட்டார்.

மேடம், ஃப்யூஸ் போய்ட்டு என்று ஒரு பையன் கையைத் தூக்குகிறான். எழுந்து போய் மாற்றிக் கொடுக்கிறேன், கம்பி விரலில் சுற்றிக்கொள்கிறது, பிரித்துத் திரும்பவும் சுற்றுகிறேன், பரீட்சை அவனுக்கா எனக்கா என்று நினைத்திருப்பான். அந்தா அங்கே கதவு, நாலே எட்டு. போனால் என்ன? போக முடியாது. போன வருஷம் வேறு ஏதோ ஒரு கல்லூரியில் ஆய்வக ஆட்களே பிள்ளைகளுக்கு விடை கடத்தினார்கள் என்று புகார் போய், பரீட்சை ஆரம்பித்தால் டெக்னீஷியன் முடியும்வரை அறையை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. போனை அல்போன்ஸ் சார் மேஜை டிராயரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜன்னல்களெல்லாம் முன்பக்கம் பார்த்தவை, பின்பக்கச் சுவர் முழுக்க அலமாரி. எக்ஸ்டெர்னல் சாரிடம் சொல்லலாம். என்னவென்று சொல்வது, வாக்கியத்தைச் சேர்த்துப் பார்க்கிறேன். சார், கீழே ஒரு பெட்டியை டிஸ்சார்ஜ் பண்ண மறந்துவிட்டேன். மறந்தாயா? தெரியவில்லை சார். தெரியாமலா கோடு போட்டாய்? ஆமாம் சார். அதில் ரெசிஸ்டர் இருக்குமே, இந்நேரம் வடிந்திருக்குமே, பௌதிகம் படித்தவர், அதைத்தான் முதலில் கேட்பார். இல்லை சார், அதை நான் எடுத்துவிட்டேன். எங்கே? அந்தா, ஆறாவது மேஜையில். அல்போன்ஸ் சார் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று வேறு ஒரு பக்கம் மனசு பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு உயிர் கீழே இருக்கிறது, இங்கே நான் வாக்கியத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

டங். அது கெட்டி இரும்பு. முதல் பெட்டிக்கு வந்துவிட்டாள். அதற்குள்ளா, கம்ப்யூட்டர்கள் எல்லாம் முடிந்துவிட்டதா, இல்லை பாதியில் விட்டுவிட்டாளா? பழைய இரும்புக் கடை சூசை அண்ணாச்சி லாரியோடு பன்னிரண்டுக்கு வருகிறார் என்று காலையில் சொன்னாள், அதுதான் கனமானதை முதலில் முடிக்கிறாள். பதினோரு வருஷமாக இவள்தான் வருகிறாள். முதல் வருஷம், ஒரு பழைய டிவிக்குள் தோள்வரை கையை விட்டு நின்றவளைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்காய் எல்லாம் பறந்தது. அன்றைக்குத்தான் கோடு என்று ஒரு முறை வந்தது. அதற்கப்புறம் இந்தப் பதினோரு வருஷத்தில் கோடு இல்லாத ஒரு சாமானைத் தொட்டவளில்லை. சூசை அண்ணாச்சி அவசரப்படுத்தினாலும், டீச்சர் கோடு போடட்டும் என்று வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். நான் டீச்சர் இல்லை. பிள்ளைகளுக்கு ஃப்யூஸ் கட்டிக்கொடுக்கிறவள். ஒரு நாளாவது அதை அவளிடம் திருத்திச் சொன்னேனா, சொல்லவில்லை. நன்றாக இருந்தது. இந்தக் கல்லூரியில் எத்தனை பேர் எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், ஒருத்தர் கையெழுத்தையாவது யாராவது இப்படி மதித்திருக்கிறார்களா? என் கோட்டுக்காக ஒருத்தி உட்கார்ந்து காத்திருப்பாள். அந்தக் கோட்டைத்தான் இன்றைக்குக் கார் வந்த அவசரத்தில் கிறுக்கிவிட்டு ஓடிவந்தேன். கிறுக்கினேனா, தெரியாதே, ஒருவேளை முறையாகத்தான் செய்துவிட்டு வந்தேனோ.

டங், டங், இழுக்கிற சத்தம், கிரீச். முதல் பெட்டி போயிற்று. ஒரு கெப்பாசிட்டரைப் பிடுங்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மூடியைத் தெறிக்கவிடுவாள், இடது கையால் டப்பாவைப் பிடித்துக்கொள்வாள், வலது கையால் ஒயரை வெட்டுவாள். இரண்டு கையும் உள்ளே. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும், நடுவில் நெஞ்சு. எக்ஸ்டெர்னல் சார் எழுந்து மேஜைகளுக்கு இடையில் நடக்கிறார், சிவப்பு ரிப்பன் பெண்ணிடம் ஏதோ கேட்கிறார், அவள் திணறுகிறாள், சொல்லு பிள்ளை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஏன் மீட்டரில் முள் கொஞ்ச நேரம் நிற்கிறது என்று கேட்கிறார், கடவுளே, இதைத்தானா கேட்க வேண்டும். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆக நேரம் எடுக்கும் சார் என்கிறாள். எவ்வளவு நேரம்? ரெசிஸ்டன்ஸைப் பொறுத்தது சார். வெரி குட் என்கிறார். ரெசிஸ்டரே இல்லை என்றால்? அதைக் கேளுங்கள் சார், அதற்கு என்னிடம் விடை இருக்கிறது, சாயங்காலம் வரை நிற்கும், நாளைக் காலை வரைகூட நிற்கும். டங். இரண்டாவது. உள்ளங்கையைச் சேலையில் துடைக்கிறேன், சாக்பீஸ் தூள் சேலையில் வெள்ளையாக ஒட்டுகிறது. இது வியாதி. இது வியாதி இல்லை. வியாதி என்றால் இப்படித்தான் இருக்கும், வியாதி இல்லை என்றே தோன்றும், பூட்டுக்கும் இப்படித்தானே தோன்றியது, அன்றைக்கும் வீட்டில் திருடன் உள்ளே நிற்கிற மாதிரியே இருந்ததே. நூறு தடவை பூட்டியிருந்தது. நூறு தடவை பூட்டியிருந்தால் நூற்றோராவது தடவையும் பூட்டியிருக்கும் என்று எந்தப் பௌதிகம் சொல்கிறது?

ஒருவேளை கமிட்டி போனதும் நாலாவதைத்தான் முதலில் தொட்டேனோ, பெரிசு என்பதால், பயம் என்பதால், பெரிசை முதலில் முடிப்பதுதானே என் பழக்கம். அப்படியானால் மூன்று சத்தத்தில் ஒன்று அதனுடையது, சின்னதில் ஒன்று பாக்கி, சின்னது அவ்வளவு மோசமில்லை. ஆனால் முதல் இரண்டையும் அவள் உடைத்துவிட்டாள், சத்தம் போட்டு ஆட்கள் ஓடவில்லை, சம்மட்டி நிற்கவில்லை. செத்த பல்லி. பல்லியைப் பார்த்தபோதுதான் அட்டெண்டர் கத்தினான், அதனால் அதுதான் கடைசி. வால் ஒரு பக்கம் கிடந்தது. பல்லியைக் கொக்கியால் தள்ளிவிட நினைத்தேன். கொக்கியால் என்றால் கையில் கம்பு இருந்திருக்கிறது! கம்பு இருந்தால் தொட்டிருப்பேன். தள்ளிவிட நினைத்தேனா, தள்ளிவிட்டேனா? தள்ளியிருந்தால் கொக்கி முனையில் பட்டிருக்கும், பட்டிருந்தால் சட் என்று, கார்க் கதவு, சட். டங் டங் டங். மூன்றாவது பெட்டி. வேகமாக அடிக்கிறாள், வெயில் ஏறுகிறதல்லவா. பதினொன்று இருபத்தைந்து. எழுந்திரு. அலை இறங்கட்டும். எழுந்திரு. முப்பத்தாறு புள்ளி. ஒரு புள்ளியில்லாத நாளுக்காக ஒருத்தி சாக வேண்டுமா, அப்படி நேராகக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியும், ஆனால் மனசு நேராகவா கேட்கிறது, அது ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பக்கவாட்டுச் சந்து ஒன்றைக் காட்டி உள்ளே வா என்கிறது, நானும் போய்ப் போய்த் திரும்பி இதே ஸ்டூலில் வந்து உட்காருகிறேன்.

கிரீச். மூன்றாவது முடிந்தது. இனி டங் என்று ஒரு சத்தம் வரும், நாலாவது மூடி. வரவில்லை. இதோ வரும். ஸ்பெக்ட்ரோமீட்டரை யாரோ தேய்க்கிறார்கள், ஒரு ஸ்கேல் கீழே விழுகிறது, மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. சம்மட்டி சத்தம் இல்லை. தண்ணீர் குடிக்கிறாள். குழாயடி அங்கேதான் இருக்கிறது. குடித்துவிட்டு வருவாள். வெற்றிலை போடுகிறாள். சூசை அண்ணாச்சி வந்துவிட்டார், பேசிக்கொண்டிருக்கிறாள். லாரி சத்தம் கேட்கவில்லையே. நாலாவது மூடி லேசாகத்தான் மூடியிருக்கும், அவசரத்தில் திருகாணி போட்டிருக்க மாட்டேன், அதைத் திறக்கச் சம்மட்டி வேண்டாம், கையால் தூக்கினாலே வந்துவிடும். சத்தமே இல்லாமல் வந்துவிடும். ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம். இதுவரை ஒவ்வொரு டங்குக்கும் பயந்தேன், இப்போது ஒரு டங் வராதா என்று உயிர் போகிறது. சத்தம் வந்தால் அவள் இருக்கிறாள்.

எழுந்துவிட்டேன். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் பதினெட்டுத் தலையும் திரும்புகிறது. எக்ஸ்டெர்னல் சார் என்னம்மா என்கிறார். தயார் பண்ணி வைத்திருந்த ஒரு வாக்கியமும் வாயில் இல்லை. நான் போகணும் சார் என்று மட்டும் வருகிறது. அல்போன்ஸ் சார் வராந்தாவில் எதிரே வந்து, எங்கம்மா, பரீட்சை நடக்கு, எங்க போறீங்க என்று கையை விரிக்கிறார், அந்தக் கைக்குக் கீழே குனிந்து ஓடுகிறேன், நாற்பத்தெட்டு வயசில், படிக்கட்டில், செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, இன்னொன்றையும் உதறுகிறேன், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இது எவ்வளவு நீளமான கட்டடம், யார் இவ்வளவு நீளமாகக் கட்டச் சொன்னார்கள்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். நாலாவது பெட்டியின் மூடி கழற்றித் தரையில் கிடந்தது. குழாயில் கழுவிய கை முழங்கைவரை ஈரம், ஈரக் கையில் சேலைத் தலைப்பைச் சுற்றி, சுற்றிய கையில் ஒரு முழ நீள இரும்புக் கம்பி, வெறும் கம்பி, அதன் நுனி பெட்டிக்குள் போக ஒரு சாண்தான் பாக்கி. என் தொண்டையிலிருந்து வந்தது பேச்சி என்ற பெயரா, வெறும் கத்தலா, தெரியாது. அவள் திரும்பினாள். கீழ போடு, கீழ போடு என்று நான் சொல்லச் சொல்ல, மெதுவாகக் கம்பியைத் தரையில் வைத்தாள், என்னமோ திருட்டில் அகப்பட்டவள் மாதிரி.

"கோவிச்சுக்கிடாதீக டீச்சர். நாலு கோடு இருக்கு, சத்தம் மூணுதான் கேட்டுச்சு. ஒங்களக் கூப்பிட்டு விடலாம்னா பரிச்சையில இருக்கீக. டீச்சரப் போயி எப்படிக் கூப்பிடுறது? அதான் நீங்க தொடுற மாதிரி நானே தொட்டு விட்டுருவோம்னு."

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கோடு இல்லாமல் தொட மாட்டாள், கோட்டை மட்டும் நம்பியும் தொட மாட்டாள், பதினோரு வருஷமாக மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டே ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் டீச்சர் இல்ல பேச்சி என்று சொல்ல நினைத்தேன், அதற்கு மூச்சு இல்லை. சுவரில் சாய்ந்திருந்த மூங்கில் கம்பை எடுத்தேன், ஆமாம், சுவரில்தான் சாய்ந்திருந்தது, கிளிப் எர்த் பைப்பில்தான் இருந்தது, இழுத்துப் பார்த்தேன், அவளைப் பின்னால் போகச் சொன்னேன், கொக்கியை உள்ளே விட்டேன். பல்லி அதே இடத்தில் கிடந்தது. தொட்டேன்.

அதைச் சட் என்று சொல்ல முடியாது. வெடி. கொக்கியின் நுனி உருகி ஒரு துளி தெறித்தது, மரத்தில் ஒரு காக்காய்கூட மிஞ்சவில்லை, வெயிலிலேயே நீலம் தெரிந்தது. அல்போன்ஸ் சார் மூலையில் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். பேச்சித்தாய் தரையில் கிடந்த இரும்புக் கம்பியைப் பார்த்தாள், தன் ஈரக் கையைப் பார்த்தாள், தலைப்பை மெதுவாக அவிழ்த்து, கையை அதில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அழுகை வருகிறது, வெட்கமில்லாமல் வருகிறது, ஐயோ இருக்கிறாளே என்று வருகிறது. அவள் வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"மழ நாள்ல எனக்குச் சத்தம் சரியா எண்ண முடியாது. இன்னைக்கு மட்டுந்தான் இப்படியா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்றைக்கு மட்டும்தான், பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள், கார் வந்ததால், பரீட்சை என்பதால். போன வருஷம் இதே சுவரோரம் நின்ற ஆறு பெட்டிகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, ஆறு மூடி, ஆறு கோடு, எத்தனை சத்தம், அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது, ஐந்தா, ஆறா, அதற்கு முந்தின வருஷம் எட்டு. பேச்சித்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.